நோட்டு, பேப்பர், புத்தகம், பேனா: இவற்றின் விலையேற்றத்தை மட்டும் தனியாகக் கணக்கிடுவது எப்படி?

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். மதுரையில் எங்கள் நுகர்வோர் குழு மாதம் ஒருமுறை ஒரு பக்க விலை அறிக்கை போடுகிறது. அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி எல்லாம் ஓரளவு ஒழுங்காகப் போகின்றன. அடுத்து அச்சுப் பொருள், எழுதுபொருள் விலையையும் சேர்க்கத் திட்டம். நாளிதழ், வார இதழ், பாடப்புத்தகம், கைடு, நோட்டு, பேனா, பென்சில், ஏ4 தாள், ஜெராக்ஸ் ஆகியவை பட்டியலில் இருக்கின்றன. ஐந்து கடைகளில் விலை எடுக்க ஆள் இருக்கிறது.

இடிப்பது இந்த இடங்களில்தான்:

அரசு வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீட்டில் "கல்வி" என்று ஒரு எண் வருகிறது. நம் எண்ணை அதோடு ஒப்பிடலாமா?

நோட்டு விலை அப்படியே இருக்கிறது, பக்கம் குறைகிறது. இதை விலையேற்றமாக எப்படிக் காட்டுவது?

நாளிதழ் விலை பல மாதம் அசையாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் ஒரு ரூபாய் ஏறுகிறது. வரைபடம் படிக்கட்டு மாதிரி வருகிறது. இது தப்பா?

2025 செப்டம்பர் ஜிஎஸ்டி மாற்றத்துக்குப் பிறகு சிலது இறங்கியிருக்கிறது, சிலது ஏறியிருக்கிறது. எது வரியால், எது மற்றதால் என்று பிரிக்க வழி உண்டா?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எக்செல் வரைக்கும் சமாளிப்போம்.

புள்ளிக்கோலம்

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது.

"கல்வி" எண்ணோடு ஒப்பிடாதீர்கள். 2012ஐ அடிப்படை ஆண்டாக (அந்த ஆண்டின் விலை = 100) கொண்ட வரிசையில் கல்வித் துணைக்குழுவின் எடை, அதாவது மொத்தக் குறியீட்டில் அதன் பங்கு, ஊரகமும் நகரமும் சேர்த்து, 4.46 சதவீதம். அதில் பெரும்பங்கு பள்ளி, கல்லூரிக் கட்டணத்துக்கும் டியூஷனுக்கும் போய்விடும். புதுப் புத்தகம், பழைய புத்தகம், நாளிதழும் பருவ இதழும், நூலகக் கட்டணம், எழுதுபொருளும் ஜெராக்ஸும் என்று நீங்கள் தேடுகிறவை எல்லாம் அதே துணைக்குழுவுக்குள் தனித்தனி உருப்படிகளாக இருந்தன. ஆனால் எடை சிறியது. ஜூன் மாதம் கட்டணம் ஏறினால் எண் மேலே போகும். அதே மாதம் நோட்டு விலை இறங்கியிருந்தால் அது அங்கே கண்ணுக்கே படாது.

ஆகவே துணைக்குழுவை விட்டுவிட்டு உருப்படிவாரிக் குறியீட்டுக்குப் போங்கள். புள்ளியியல் அமைச்சகத்தின் இ-சாங்கிக்கி தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். 2012 வரிசையில் உருப்படிவாரி எண் அகில இந்தியாவுக்குத்தான் வந்தது, தமிழ்நாட்டுக்குத் தனியாக இல்லை. நீங்கள் மதுரையில் எடுக்கப்போகும் விலைக்கு மதிப்பு வருவது இதனால்தான்.

2026 தொடக்கத்தில் வந்த 2024 அடிப்படை வரிசை, வீட்டுச் செலவுகளைப் பிரிக்கும் ஐ.நா.வின் கோய்காப் 2018 வகைப்பாட்டைப் பின்பற்றுகிறது. அந்த வகைப்பாட்டில் கல்விப் பிரிவு என்றால் கல்விச் சேவை மட்டும்: கட்டணம், பயிற்சி வகுப்பு. புத்தகமும் நோட்டும் அங்கே இல்லை. 09 என்ற எண் கொண்ட பொழுதுபோக்கு, விளையாட்டு, பண்பாட்டுப் பிரிவில் 09.7 என்ற குழுவுக்குள் இருக்கின்றன. அதன் நான்கு வகுப்புகள்: 09.7.1 புத்தகம், 09.7.2 நாளிதழும் பருவ இதழும், 09.7.3 பிற அச்சுப் பொருள் (காலண்டர், வாழ்த்து அட்டை, வரைபடம்), 09.7.4 எழுதுபொருளும் வரைபொருளும். உங்கள் பட்டியலையும் இதே நான்காகப் பிரித்து வைத்தால் இந்த வகைப்பாட்டைப் பின்பற்றும் எந்த நாட்டு எண்ணோடும் ஒப்பிடலாம். ஜெராக்ஸ் மட்டும் எங்கே சேர்ப்பது என்று குழப்பம் வரும். பழைய வரிசை அதை எழுதுபொருளோடு வைத்திருந்தது. நீங்களும் அப்படியே வைத்து, அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம்: பழைய "கல்வி"யையும் புதிய "கல்வி"யையும் ஒட்டி நீண்ட வரிசை செய்தால் இரண்டு வேறு பொருள்களை ஒட்டியதாகிவிடும். பழைய வரிசையிலிருந்து புத்தகம், நாளிதழ், எழுதுபொருள் உருப்படிகளை அவற்றின் எடையோடு எடுத்து ஒரு கூட்டுக் குறியீடு செய்யுங்கள். அதைத்தான் 09.7 உடன் இணைக்க வேண்டும். இரண்டு வரிசையும் ஒரே மாதத்துக்குக் கிடைக்கும்போது, பழையதில் 180, புதியதில் 104 என்று வைத்துக்கொண்டால், இணைப்புக் காரணி 180 ÷ 104 = 1.7308. அதற்குப் பிந்தைய புதிய எண்களை இதால் பெருக்கினால் பழைய அளவுகோலில் தொடரும்.

2020 ஏப்ரல், மே மாத எண்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். ஊரடங்கில் களத்தில் விலை எடுக்க முடியாமல் மதிப்பீட்டில் நிரப்பப்பட்ட மாதங்கள் அவை. ஸ்டேஷனரிக் கடை திறந்தே இல்லாத காலம். 2021இன் அதே மாதங்களுக்கு ஆண்டு ஒப்பீடு எடுத்தாலும் அந்த நிழல் விழும்.

மதுரை என்றே ஒரு எண் வேண்டுமென்றால், மத்திய அரசின் லேபர் பீரோ வெளியிடும், தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீடு இருக்கிறது: 2016 அடிப்படை, 88 மையங்கள், மதுரையும் ஒன்று. அதில் நோட்டு, பேனா தனியாகக் கிடைக்காது. உங்கள் எண் ஊரின் பொது விலைவாசியைவிட வேகமாகப் போகிறதா, மெதுவாகப் போகிறதா என்று பார்க்க அது போதும்.

குயர்24

நோட்டு பற்றி எழுதுகிறேன். இந்தப் பட்டியலில் அதிகம் ஏமாற்றுவது அதுதான்.

விலைத்தாளில் "200 பக்க நோட்டு" என்று மட்டும் எழுதினால் அடுத்த மாதம் போகிறவர் வேறு நோட்டைப் பார்த்து வேறு விலை எழுதுவார். குறைந்தது இவ்வளவாவது பதிவில் இருக்கட்டும்: நீளம் அகலம் செ.மீ.இல், பக்கம், கோடு (ஒரு கோடு, இரண்டு கோடு, நாலு கோடு, கட்டம், கோடு போடாதது), அட்டை மெல்லியதா கெட்டியா, நடுவில் பின் அடித்ததா நூல் தையலா ஸ்பைரலா, பிராண்டு, ஒன்றாக வாங்கும் விலையா டஜன் விலையா. லேபிளைப் போனில் ஒரு படம் எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எம்ஆர்பி வேறு, கடைக்காரர் நம்மிடம் வாங்கும் காசு வேறு. எழுத வேண்டியது இரண்டாவது. எம்ஆர்பியைப் பக்கத்து நெடுவரிசையில் வைத்துக்கொள்ளலாம். கழிவு குறைகிறதா என்று பிறகு பார்க்க உதவும்.

பக்கத்தை லேபிளிலிருந்து எடுக்காமல் தாளை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். சில நோட்டுகளில் பொருளடக்கம் போடும் பக்கமும் அச்சடித்த பக்கமும் கணக்கில் சேர்ந்திருக்கும். நீள நோட்டில் இன்னும் மோசம்: குயர் என்றால் பழைய கணக்கில் 24 தாள், 25 தாளும் புழக்கத்தில் உண்டு. "2 குயர்" என்ற பெயரை நம்பாமல் எண்ணிவிடுங்கள்.

அடுத்தது தாளின் கனம். பக்கம் குறைந்தால் லேபிள் காட்டிக்கொடுத்துவிடும். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறைந்தால் பல நோட்டுகளில் எழுதியே இருக்காது. இதைக் கண்டுபிடிக்க ஒரு கிராம் துல்லியம் உள்ள சமையலறைத் தராசு போதும்.

24 × 18 செ.மீ. நோட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு தாளின் பரப்பு 0.0432 சதுர மீட்டர். 200 பக்கம் என்றால் 100 தாள், 4.32 சதுர மீட்டர். 60 ஜிஎஸ்எம் தாளாக இருந்தால் உள்தாள் மட்டும் 259 கிராம். 54 ஜிஎஸ்எம் என்றால் 233 கிராம். பக்கமும் 192 ஆகி தாளும் 54 ஆனால் 224 கிராம். அதாவது விலை ஒரு பைசா ஏறாமலே சுமார் 13.6 சதவீதம் காகிதம் காணாமல் போயிருக்கும்.

அட்டை எடையை எப்படிக் கழிப்பது? அட்டையைக் கிழிக்க வேண்டாம். அதே பிராண்டு, அதே அளவு, அதே அட்டையில் 200 பக்கமும் 100 பக்கமும் எடுத்து இரண்டையும் நிறுத்துப் பாருங்கள். வித்தியாசத்தில் அட்டை அடிபட்டுப் போகும். மிஞ்சுவது 50 தாளின் எடை. 50 × 0.0432 = 2.16 சதுர மீட்டர். வித்தியாசம் 121 கிராம் வந்தால் 121 ÷ 2.16, கிட்டத்தட்ட 56 ஜிஎஸ்எம். காகிதம் ஈரத்தை இழுக்கும் என்பதால் மழைக்காலத்தில் ஒன்றிரண்டு சதவீதம் கூடுதலாகக் காட்டலாம். ஒரு ஜிஎஸ்எம் வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்கைந்து குறைந்தால் அது நிஜம்.

இப்போது விலைக்கு வருவோம். பலரும் செய்வது: ரூ.58ஐ 200 பக்கத்தால் வகுத்து, குறைந்த 8 பக்கத்தின் மதிப்பு ரூ.2.32 என்று போடுவது. இது கொஞ்சம் அதிகம். அட்டை, பைண்டிங், கடை லாபம் எல்லாம் பக்கத்தோடு குறைவதில்லை. அதே கடையில் 100 பக்க நோட்டு ரூ.32 என்றால், கூடுதல் 100 பக்கத்துக்கு அந்தச் சந்தை தரும் விலை ரூ.26. ஒரு பக்கம் 26 பைசா, 8 பக்கம் ரூ.2.08. ஆகவே 192 பக்க நோட்டு பழைய விலையில் ரூ.55.92 ஆக இருந்திருக்க வேண்டும். இன்று ரூ.58. விகிதம் 1.037. அறிக்கையில் 3.7 சதவீத ஏற்றம் என்று எழுதலாம். பக்கத்தால் வகுத்திருந்தால் 4.2 வந்திருக்கும். வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் எல்லா நோட்டிலும் ஒரே பக்கமாகச் சாயும் பிழை என்பதால் வருடக்கணக்கில் சேர்ந்துவிடும்.

பேனா, பென்சில் பற்றிச் சுருக்கமாக. 5 ரூபாய், 10 ரூபாய் என்று விலை ஒட்டிக்கொள்ளும் பொருள்கள் இவை. 10 ரூபாய் பேனாவில் மை குறைந்ததை நீங்கள் அளக்க முடியாது. ஒற்றைப் பேனாவோடு 5 அல்லது 10 பேனா உள்ள பாக்கெட்டையும், ரீஃபில் விலையையும் சேர்த்து எடுங்கள். அசைவு பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும். பென்சிலுக்கு 10 உள்ள டப்பா. உள்ளே இலவச ரப்பர், துருவி இருக்கிறதா இல்லையா என்று ஒரு கட்டம் போடுங்கள், அது வந்து வந்து போகும்.

மாப்லித்தோ

நாளிதழ் படிக்கட்டு மாதிரி வருவது தப்பே இல்லை. அந்தப் பொருளின் இயல்பு அது. அட்டைவிலை பெரும்பாலும் முழு ரூபாயில்தான் ஏறும், ஐந்தாறு ரூபாய்ப் பொருளில் ஒரு ரூபாய் என்பது பெரிய சதவீதம். அதை மிருதுவாக்க மூன்று மாதச் சராசரி எடுக்கிறேன் என்று இறங்கிவிடாதீர்கள். வாசகர் கையிலிருந்து போன காசு அன்றைக்கே ஏறியது.

செய்ய வேண்டியது, வார விலையை அலகாக வைப்பது. வாரநாள் ரூ.6, ஞாயிறு ரூ.8 என்றால் வாரத்துக்கு 36 + 8 = ரூ.44. வாரநாள் ரூ.7 ஆனால் ரூ.50. ஏற்றம் 13.6 சதவீதம். ஏஜென்ட் தரும் மாத பில்லை அப்படியே விலையாகப் போட்டால் என்ன ஆகும்? 30 நாள் மாதத்தில் நான்கு ஞாயிறு வந்தால் ரூ.188, ஐந்து வந்தால் ரூ.190. விலையே மாறாமல் ஏற்றம் காட்டும். வீட்டில் போடும் கூலியைத் தனி வரியில் வையுங்கள். அது சேவை, பேப்பர் விலையோடு ஏறுவதில்லை. ஆண்டுச் சந்தாவுக்குப் பாத்திரம், பை தரும் திட்டங்களை விலையில் சேர்க்காதீர்கள். பழைய பேப்பர் கடையில் கிடைக்கும் காசையும் கழிக்காதீர்கள்.

ஆண்டு ஒப்பீட்டில் ஒரு பொறி உண்டு. ஏற்றம் நடந்த மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதம் 13.6 என்றே நிற்கும். பதின்மூன்றாம் மாதம் சுழியத்துக்கு விழும். "பேப்பர் விலையேற்றம் அடங்கியது" என்று தலைப்புப் போட்டுவிடக் கூடாது, விலை அதே உயரத்தில்தான் நிற்கிறது. சதவீதத்துக்குப் பக்கத்தில் குறியீட்டு எண்ணையும் அச்சிட்டால் இந்தக் குழப்பம் வராது.

குயர்24 சொன்ன பக்கத் திருத்தத்தை நாளிதழுக்கு நீட்டாதீர்கள் என்பது என் கருத்து. நோட்டில் வெற்றுத்தாள்தான் பொருள். நாளிதழில் பக்கம் குறைந்தது விளம்பரம் குறைந்ததாலா, செய்தி குறைந்ததாலா என்று பிரிக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரம் விளம்பரத்தால் இதழ் தடிக்கும், அதை "விலை இறக்கம்" என்று காட்டினால் அபத்தம். பக்க எண்ணிக்கையை ஒரு நெடுவரிசையில் குறித்து வையுங்கள், குறியீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஒரு இணைப்பிதழ் நிரந்தரமாக நின்றுவிட்டால் மட்டும் அடிக்குறிப்பு.

காகித விலையை வைத்து நாளிதழ் விலையை ஊகிப்பதும் சரிவராது. இறக்குமதி நியூஸ்பிரின்ட்டுக்கு (நாளிதழ் அச்சிடும் தாள்) 2019 ஜூலையில் 10 சதவீதச் சுங்கம் வந்தது, 2020 பிப்ரவரியில் 5 ஆனது. 2022இல் உக்ரைன் போரை ஒட்டி நியூஸ்பிரின்ட் விலை எகிறியது. இதெல்லாம் அட்டைவிலையில் அதே மாதம் தெரியாது. நாளிதழின் செலவில் பெரும்பகுதியை விளம்பர வருமானம் தாங்குவதால், பக்கத்தைக் குறைப்பது முதல் வழியாகவும் விலையை ஏற்றுவது கடைசி வழியாகவும் இருக்கும்.

புத்தகம் வேறு மாதிரி. அச்சிட்ட விலை கடையில் இருக்கும் பிரதி தீரும்வரை மாறாது. ஒரே தலைப்பை மூன்று வருடம் பின்தொடர்ந்தால் விலையேற்றம் சுழியம் என்று வரும்; மறுபதிப்பு வந்த அன்று ஒரே தாவலாகத் தாவும். அதனால் பாதி இடத்தைத் தொடர்ந்து விற்கும் தலைப்புகளுக்கும், மீதியை அந்த ஆண்டு வெளிவந்தவற்றுக்கும் ஒதுக்குங்கள். புதியவற்றைத் தலைப்பு வைத்து ஒப்பிட முடியாது. அளவு டெமியா கிரவுனா, தாள் என்ன, பைண்டிங் என்ன என்று ஒரே வகைக்குள் வைத்து, ஃபாரம் (அச்சில் ஒன்றாக மடிக்கும் பக்கக் கட்டு) ஒன்றுக்கு என்ன விலை என்று பாருங்கள். டெமி அளவில் 160 பக்கம் என்றால் பதினாறு பக்கக் கணக்கில் 10 ஃபாரம், விலை ரூ.200 என்றால் ஃபாரத்துக்கு ரூ.20. குறைந்தது இருபது தலைப்பாவது இருந்தால்தான் இந்தச் சராசரிக்கு நிலைத்தன்மை வரும்.

புத்தகக் காட்சிக் கழிவைக் கலக்காதீர்கள். சென்னை, மதுரை என்று எங்கே நடந்தாலும் 10 சதவீதம் வழக்கம். அது அந்தச் சில நாள் மட்டும் இருக்கும் கடை. சேர்த்தால் அந்த மாதம் இறங்கி மறுமாதம் ஏறும், ஒரு பயனும் இல்லை. ஆண்டு முழுதும் திறந்திருக்கும் கடையே கழிவு தந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம்.

பாடப்புத்தகத்தை வகுப்பும் பாடமும் பாடத்திட்டமும் வைத்துப் பிடியுங்கள், தலைப்பை வைத்து அல்ல. தமிழ்நாட்டில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூலும் நோட்டும் இலவசம். அவர்கள் வீட்டுச் செலவில் அது இல்லை, குறியீட்டிலும் வராது. கைடும் துணைப் பயிற்சி ஏடும்தான் அந்த வீடுகளின் செலவு. தனியார் பள்ளிகளில் புத்தகம், நோட்டு, அட்டை எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக வாங்கும் கட்டு இருக்கும். அதைத் தனி உருப்படியாக வைத்து, உள்ளே என்னென்ன எத்தனை என்ற பட்டியலைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். ஒரு நோட்டு குறைந்ததோ கூடியதோ தெரியாமல் அந்தத் தொகையை ஒப்பிடவே முடியாது.

வைகைக்கரை

மிக்க நன்றி. தராசு விஷயம் யோசிக்கவே இல்லை. இரண்டு சந்தேகம். ஐந்து கடை விலையைச் சாதாரணச் சராசரி எடுக்கலாமா? ஒரு மாதம் ஒரு கடையில் சரக்கு இல்லையென்றால் போன மாத விலையையே போட்டுவிடலாமா? ஜிஎஸ்டி கேள்வி இன்னும் நிற்கிறது.

வரவுசெலவு

ஜிஎஸ்டிக்கு நான்.

2025 செப்டம்பர் 22 முதல்: பயிற்சி ஏடு, கிராஃப் ஏடு, ஆய்வக ஏடு, நோட்டு 12 சதவீதத்திலிருந்து சுழியம். பென்சில், பென்சில் துருவி, கிரயான் 12இலிருந்து சுழியம். ரப்பர் 5இலிருந்து சுழியம். ஜியாமெட்ரி பாக்ஸ், கலர் பாக்ஸ் 12இலிருந்து 5. ஏ4 தாள் எதிர்ப்பக்கம், 12இலிருந்து 18. பேனா 2021 அக்டோபரிலேயே 12இலிருந்து 18க்குப் போனது. அச்சிட்ட புத்தகத்துக்கும் நாளிதழுக்கும் முன்பும் வரி இல்லை, இப்போதும் இல்லை.

வரி மாற்றம் முழுதாக வாடிக்கையாளரிடம் வந்தால் விலை எவ்வளவு மாற வேண்டும் என்பதைச் சதவீதத்தை நேராகக் கழித்துப் பார்க்கக் கூடாது. 12 போய்ச் சுழியம் என்றால் 100 ÷ 112, அதாவது 10.7 சதவீத இறக்கம்; 12 அல்ல. 12இலிருந்து 5க்கு 105 ÷ 112, இறக்கம் 6.25. ரப்பருக்கு 100 ÷ 105, இறக்கம் 4.8. ஏ4க்கு 118 ÷ 112, ஏற்றம் 5.4.

இதை "வரி மட்டும்" என்ற தனி வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். உண்மை விகிதத்தை இந்த வரி விகிதத்தால் வகுத்தால் மிஞ்சுவது மற்ற காரணம். ரூ.56க்கு விற்ற நோட்டு ரூ.52 ஆனது என்றால் உண்மை விகிதம் 0.929, வரி விகிதம் 0.893, மிஞ்சியது 1.04. வரி தவிர்த்த விலை 4 சதவீதம் ஏறியிருக்கிறது.

அந்த 4ஐ உடனே "கடைக்காரர் அமுக்கிக்கொண்டார்" என்று எழுதிவிடாதீர்கள். சுழிய வரி என்று பொதுப்பேச்சில் சொன்னாலும் நோட்டுக்குக் கிடைத்தது விலக்கு. விலக்குப் பெற்ற பொருளைச் செய்கிறவருக்கு, வாங்கிய பொருளில் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க வழியில்லை. நோட்டுக்கான பூசாத (மேற்பூச்சு இல்லாத) தாளுக்கும் சேர்த்து விலக்குத் தந்தார்கள். ஆனால் மேலட்டை, மை, பசை, கம்பி ஆகியவற்றில் கட்டிய வரி இப்போது செலவாக உள்ளே உட்கார்ந்துவிடும். முழு 10.7 இறங்காததில் ஒரு பகுதிக்கு இது நியாயமான காரணம். பகுதிக்குத்தான்; மீதியைக் கேட்கும் உரிமை உங்கள் குழுவுக்கு உண்டு. கேட்பதற்கு, செப்டம்பருக்கு முந்தைய லேபிள் படமும் பிந்தைய லேபிள் படமும் தயாரிப்பு மாதத்தோடு கையில் இருக்க வேண்டும்.

பென்சில் துருவியைப் பாருங்கள்: 2022 ஜூலையில் 12இலிருந்து 18, 2023இல் திரும்ப 12, 2025இல் சுழியம். சின்னப் பொருளில் இத்தனை மாற்றம். துருவியின் விலை ஒவ்வொரு முறையும் எந்தப் பக்கம் அசைந்தது, ஏறும்போது உடனேயும் இறங்கும்போது தாமதமாகவுமா என்று பார்க்க இது நல்ல சோதனை.

மொத்த விலைக் குறியீட்டை முன்னறிவிப்பாக எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2011-12 அடிப்படையில் காகிதம், காகிதப் பொருள் எடை 1.113, அச்சு எடை 0.676. அந்தக் குறியீட்டில் மறைமுக வரி சேராது. எனவே செப்டம்பர் மாற்றம் அங்கே நேரடியாகத் தெரியாது, நுகர்வோர் குறியீட்டில்தான் தெரியும். இரண்டும் எதிரெதிராகப் போனால் பிழை என்று நினைத்துத் திருத்தப் போகாதீர்கள்.

புள்ளிக்கோலம்

சராசரிக்கு: சாதாரணச் சராசரி வேண்டாம், பெருக்குச் சராசரி எடுங்கள். எக்செல்லில் ஜியோமீன் (GEOMEAN) என்ற சூத்திரம் இருக்கிறது. காரணம் பாருங்கள். இரண்டு பேனா, இரண்டும் ரூ.10. ஒன்று ரூ.20 ஆகி மறுமாதம் ரூ.10க்குத் திரும்புகிறது, மற்றது அசையவில்லை. விகிதங்களின் சாதாரணச் சராசரி முதல் மாதம் 1.5, இரண்டாம் மாதம் 0.75, பெருக்கினால் 1.125. எல்லா விலையும் பழைய இடத்திலேயே இருக்கிறது, உங்கள் குறியீடு 12.5 சதவீதம் ஏறி நிற்கிறது. பெருக்குச் சராசரியில் 1.414 × 0.707 = 1. அரசின் 2012 வரிசையும், விலைகளை முதலில் சேர்க்கும் அடிமட்டப் படியில், இதைத்தான் பயன்படுத்தியது.

வரிசை இது: கடைக்குக் கடை, பொருளுக்குப் பொருள் இந்த மாத விலை ÷ அடிப்படை மாத விலை. ஒரு பொருளுக்கான ஐந்து விகிதத்துக்கும் ஜியோமீன். பிறகு பொருள்களை எடை போட்டுக் கூட்டுங்கள். இங்கே சாதாரண எடைச் சராசரிதான். எடைக்கு, வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு 2023-24இன் தமிழ்நாடு அட்டவணையைப் பாருங்கள், அல்லது உங்கள் உறுப்பினர் வீடுகள் முப்பதில் ஓராண்டுச் செலவைக் கேளுங்கள். ஓராண்டு என்பது முக்கியம். ஜூன் மாதம் மட்டும் கேட்டால் நோட்டும் புத்தகமும் எடையை விழுங்கிவிடும், நாளிதழ் காணாமல் போகும்.

மாதிரிக்கு: நாளிதழ், இதழ் 25, புத்தகம், கைடு 40, நோட்டு 20, எழுதுபொருள், ஜெராக்ஸ் 15 என்று எடை வைப்போம். குறியீடு முறையே 100, 106, 96, 102. மொத்தம் 25 + 42.4 + 19.2 + 15.3 = 101.9. அறிக்கையில் 1.9 சதவீதம் என்று மட்டும் போடாதீர்கள். புத்தகம் +2.4, நோட்டு −0.8, எழுதுபொருள் +0.3 என்று பங்கைப் பிரித்துப் போடுங்கள். படிக்கிறவருக்கு வேண்டியது அதுதான்.

சரக்கு இல்லாத கடைக்குப் போன மாத விலையைப் போட்டால், மற்ற நான்கும் ஏறும் மாதத்தில் உங்கள் எண் கீழே இழுக்கப்படும். மற்ற நான்கு கடையிலும் இந்த மாத விலை ÷ போன மாத விலை என்ற விகிதத்தின் ஜியோமீன் 1.03 என்றால் இந்தக் கடையின் போன மாத விலையையும் 1.03ஆல் பெருக்கி நிரப்புங்கள். அந்தக் கட்டத்துக்கு வேறு நிறம் கொடுங்கள். மூன்று மாதம் தொடர்ந்து கிடைக்கவில்லையென்றால் பொருளை மாற்றிவிடலாம். பழையதும் புதியதும் சேர்ந்து கிடைக்கும் ஒரு மாதத்தைப் பிடித்து அங்கே இணைத்தால்தான், புது நோட்டு விலை கூடியது என்பது விலையேற்றமாக உள்ளே நுழையாது.

பாடப்புத்தகம் மட்டும் விதிவிலக்கு. ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து, அடுத்த ஆண்டுவரை அதே விலையை வைத்திருங்கள். மாநிலப் பாடத்திட்டத்துக்கு ஜூன், சிபிஎஸ்இ பள்ளிகள் பலவற்றில் ஏப்ரலிலேயே விற்பனை தொடங்கிவிடும். இரண்டையும் அந்தந்த மாதத்தில் எடுங்கள். இந்தக் குழுவுக்கு முந்தைய மாதத்தோடு ஒப்பிட்ட சதவீதத்தை வெளியிடவே வேண்டாம், போன ஆண்டு இதே மாதத்தோடு ஒப்பிட்டதே போதும்.

குயர்24

இன்னொன்று விட்டுப்போனது. அடிப்படை மாதமாக மே, ஜூனை வைக்காதீர்கள். பள்ளி திறக்கும் நேரத்தில் டஜன் கழிவு, சேர்த்து வாங்கும் சலுகை என்று கடைக்குக் கடை விலை தாறுமாறாக இருக்கும். ஆகஸ்ட் நல்லது, அல்லது பன்னிரண்டு மாதச் சராசரியை 100 என்று வையுங்கள். அடிப்படை மாதத்தில் எடுத்த நோட்டுகளில் ஒவ்வொரு வகையிலும் ஒன்றை வாங்கி, கடை, தேதி, எடை எழுதி உலர்ந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் "அதே நோட்டுதான் சார்" என்று கடைக்காரர் சொல்லும்போது இரண்டையும் ஒரே நாளில் ஒரே தராசில் வைக்கலாம், ஈரக் கணக்கும் அடிபட்டுப் போகும்.